கஷாயத்திலிருந்து விலக்கு வேண்டி

மதிப்பிற்குரிய தொழிலாளர் நல அலுவலர் அவர்களுக்கு,

தையல் பிரிவு அஞ்சுகம் எழுதுவது. கம்பெனி கேட்டில் தினமும் தரும் அமுக்கரா, காளான் கஷாயத்தை ஆறு வருடமாக ஒரு நாளும் விடாமல் குடிக்கிறேன். படபடப்பு போய்விட்டது, தூக்கம் நன்றாக வருகிறது. குறை சொல்ல இதை எழுதவில்லை.

போன சனிக்கிழமை என் தம்பி சடையப்பன் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். சேதி வந்தபோது டம்ளர் என் கையில் இருந்தது. பழக்கத்தில் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சொந்தக்காரப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பந்தலில் நாற்காலி போதுமா என்று கேட்டேன்.

"ஏண்டி, உன் தம்பிதானே கிடக்கிறான்? பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நிக்கிறியே!" என்றாள் அம்மா. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று நம் கம்பெனி நர்ஸிடம் விசாரித்தேன். "கஷாயத்தை நிறுத்தினா பத்து நாள்ல அழுகை வந்துடும் அக்கா. ஆனா குடிக்காதவங்களுக்கு கேட் திறக்க மாட்டாங்களே" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. அன்றைக்கும் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆகவே நாளை முதல் கஷாயம் இல்லாமல் என்னை உள்ளே விடும்படி கேட்டுக்கொள்கிறேன். தையலில் பிசகு வராமல் பார்த்துக்கொள்வேன்.

அம்மா பேசாதது எனக்கு இன்னும் வருத்தமாக இல்லை, சார். வருத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிகிறது.

இப்படிக்கு,
அஞ்சுகம்