கடல் அட்டைக்குத் தனித் தொட்டி

"நாலு பேருக்கு ஒரே கக்கூஸா?"

சுகுமார் செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார், நாற்றம் படத்திலிருந்தே வந்துவிடும் என்பதுபோல.

"அது படிக்க வர்றவங்க தங்கற ஹாஸ்டல் சார். குடும்பத்துக்குத் தனி குவார்ட்டர்ஸ். அடுத்த படம் பாருங்க" என்றாள் சசிரேகா.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன் எல்லப்பன், இஸ்திரி போட்ட சட்டை மடங்கிவிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இருவரும் திருமுக்கூடலிலிருந்து காவாந்தண்டலத்தில் கோபால், அம்முலு தம்பதியின் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள். வந்ததிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தம் என்றால், தங்கள் பிள்ளை வாழப்போகும் வீட்டை முதலில் போய்ப் பார்ப்பது இந்தக் குடும்பத்தின் வழக்கம். வேன் பிடித்துப் போவார்கள். குழாயைத் திறந்து பார்ப்பார்கள், மாட்டுக் கொட்டகை வரை எட்டிப் பார்ப்பார்கள், குறை சொல்லிவிட்டுத்தான் காவாந்தண்டலம் திரும்புவார்கள். இப்போது பார்க்க வேண்டிய வீடோ அந்தமானில் ஒரு சின்னத் தீவில், கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குள் இருக்கிறது. வேன் போகாது. அதனால் சசிரேகா வீட்டைச் செல்போனில் கொண்டுவந்திருந்தாள்.

பார்த்துச் சொல்ல அம்முலுவின் தம்பி சுகுமாரைவிடத் தகுந்த ஆள் கிடையாது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே பாத்ரூம் சாமான் கடை வைத்திருப்பவர். உலகத்தையே டைல்ஸ் போட்டது, போடாதது என்று இரண்டாகத்தான் பிரிப்பார்.

"கூரை இன்னாம்மா, தகரமா?"

"ஷீட்டுதான் சார். மழைத் தண்ணி அதுல வழிஞ்சு தொட்டிக்கு வரும். குடிக்க அதுதான்."

"கேட்டுக்கினியாக்கா? குடிக்கிறதுக்குக் கூரைத் தண்ணி. குளிக்க?"

"கிணறு இருக்குது. லேசா உப்புக் கரிக்கும்."

"நம்ம கடை ஷவர மாட்டினா ஆறே மாசத்துல அடைச்சிக்கும்."

அடுத்த படம் அறையின் ஜன்னல். வெளியே கரை தெரியாத நீலம், அதன்மேல் புள்ளியாக ஒரு படகு. ஏரி நிரம்பினாலே கடல் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் அந்த நீலத்தை யாரும் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சுகுமார் ஒரே தள்ளில் தள்ளிவிட்டார். நீலத்தில் டைல்ஸ் இல்லை.

"ஏசி தெரியுதே!" என்று அம்முலு முகம் மலர்ந்தாள்.

"அது லேப்மா. மைக்ராஸ்கோப்பு, மத்த மெஷினுங்க எல்லாம் புழுக்கத்துல கெட்டுப்போயிடும். அதுக்குத்தான் ஏசி."

"மெஷினுக்கு ஏசி. மனுசனுக்கு?"

"ஃபேன் சார். ராத்திரியில ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்க. அப்புறம் கடல் காத்துதான்."

"வரிசையா தொட்டி கீதே, அது இன்னா?" கோபால் கண்ணைச் சுருக்கினார்.

"கடல் அட்டை வளர்க்கற இடம். கடல் தண்ணி நாள் பூரா அதுல ஓடிக்கினே இருக்கும்."

"அட்டையா? கால்ல ஒட்டிக்கினு ரத்தம் குடிக்குமே!"

"இது குடிக்காதுப்பா. அடி மணலைத் தின்னு சுத்தம் பண்ணும். அழிஞ்சிக்கினு வருது. அதான் குஞ்சு பொரிக்கவெச்சுக் கடல்ல விடறது."

சுகுமார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "மாமா, பாத்துக்க. அட்டைக்குத் தனித் தொட்டி, தனிக் குழாயி, நாள் பூரா ரன்னிங் வாட்டரு. மனுசன் போனா கூரைத் தண்ணி. அங்க போறதா இருந்தா அட்டையா பொறந்துட்டுப் போவணும்!"

"எட்டு ஏக்கரா கரும்பு கீது இங்க" என்றார் கோபால். "ஒத்தப் புள்ள. அத வுட்டுட்டு அட்டைங்களோட போயி குடித்தனம் பண்ணணுமா?"

"ஒரு டம்ளரு கழுவ வுட்டதில்ல நானு" என்று அம்முலு மூக்கை உறிஞ்சினாள். "பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நின்னுக்கும் எம் புள்ள."

"சமைக்கத் தெரியுமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள் சசிரேகா.

"சுடுதண்ணி வெக்கும். முட்ட வேக வெக்கும்." அம்முலுவின் குரல் இறங்கிவிட்டது.

"பரவாயில்ல. மெஸ் இருக்குது. மத்ததெல்லாம் போகப் போகப் பழகிக்கலாம்."

"இன்னா பெரிய மனசு!" என்ற சுகுமார் எல்லப்பன் பக்கம் திரும்பினார். "இவரு இன்னா வாயே தொறக்க மாட்றாரு? பேசறதுக்கும் ஜெனரேட்டர் போடணுமா?"

எல்லப்பன் சிரித்துவிட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டான். சுகுமார் செல்போனை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆவாதுக்கா. நான் கோடவுன்ல பழைய கம்மோடு போட்டு வெச்சிருக்கிற ரூமு இதவிட நல்லா கீது. வேற எடம் பாப்போம்."

கோபால் திரும்பி, சாத்தியிருந்த அறைக் கதவையே பார்த்தார்.

"வேற எடமா? ரெண்டு நாளா அந்தக் கதவு தொறக்கல சுகுமாரு. நாஷ்டா வேணாம், சோறு வேணாம். உள்ள ஒரே அழுவ. கட்டினா இந்த எடம், இல்லாட்டி கல்யாணமே வேணாமாம். பேஜாரா பூட்ச்சி."

அம்முலு எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"வா நைனா. மாமன் பேசறது பேசட்டும், நீ வெளிய வா."

தாழ்ப்பாள் விலகியது. இரண்டு நாள் தாடியோடும் வீங்கிய கண்களோடும் வசந்த்குமார் வந்து நின்றான். அம்முலு மகனின் கையைப் பிடித்து அழைத்துவந்து சசிரேகாவின் முன்னால் நிறுத்தினாள்.

"விடிஞ்சா நீ லேபுக்குப் பூடுவ, ஊட்டுல தனியா கெடக்கப் போறது இவன்தான். எம் மவன கண்ணு கலங்காம வெச்சிக்குவியாம்மா?"