இந்த எஞ்சின் விற்பனைக்கு

"இது விலைக்கா, பெரியவரே?"

குரல் யாருடையது என்று ஹார்லனுக்கு நிமிர்ந்து பார்க்காமலே தெரியும். பிக்கப் லாரியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். 1967 கார்வெட் காரின் எஞ்சின். அதன்மேல் சாய்த்து வைத்திருந்த அட்டையில் 'நாலாயிரம் டாலர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"ஏன், படிக்கத் தெரியாதா? போர்டு வெச்சிருக்கேன்ல."

"தெரியுது. அப்ப குடு."

"உனக்கு இல்ல."

"எனக்கு இல்லாம வேற யாருக்கு? இந்த எஞ்சின்ல அடிச்ச நம்பரே பாடியிலயும் அடிச்ச கார் உலகத்துலயே ஒண்ணுதான். அது எந்தக் கார்னு உனக்கும் தெரியும்."

"வேற எஞ்சின் போட்டு ஓட்டேன். யார் வேணாம்னா?"

"நம்பர் சேராத எஞ்சினை அதுல போடுறதுக்குப் பதிலா ரெண்டு மாட்டைக் கட்டி இழுக்கலாம்" என்றார் க்ளைட். "போன மாசம்தான் சீட்டுக்குச் சிவப்புத் தோல் போட்டேன். பாத்தா நீ வயிறு எரிஞ்சே செத்துப்போவ."

இண்டியானாவில் அக்டோபர் முதல் சனிக்கிழமை கூடும் பழைய கார் உதிரிபாகச் சந்தை அது. பதினான்கு வருஷமாக இதே இடம், இதே எஞ்சின், இதே சண்டை. பக்கத்தில் இந்த வருஷம் புதிதாகக் கடை போட்டிருந்த டார்லீன், பளபளக்கும் பம்பர்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஹார்லன் க்ளைடின் கையிலிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துது?"

"ஏப்ரல்ல. குளியலறைல வழுக்கிடுச்சு."

"குடிச்சிருந்தியா?"

"குடிச்சிருந்தா வலியாவது தெரியாம இருந்திருக்கும். மூணு மணி நேரம் அப்படியே கிடந்தேன்."

ஹார்லன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வழக்கமாக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற க்ளைட் இன்று பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டார்.

"சரி, கிளம்பறேன். அடுத்த வருஷம் வருவேனோ என்னவோ."

கோலை ஊன்றிக்கொண்டு அவர் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் ஹார்லன் பார்த்துக்கொண்டே நின்றார். டார்லீனால் அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் இது பொருந்தும்னா, அவருக்கே தராம எதுக்கு இந்தக் கனத்தை வருஷா வருஷம் தூக்கிட்டு வர்றீங்க?"

"அவன் என் தம்பி" என்றார் ஹார்லன்.

டார்லீன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எங்கப்பாவோட கார் அது. அவர் போனப்ப கார் அவன் ஷெட்ல நின்னுது. எஞ்சினைப் பழுது பாக்கக் கழட்டி என் ஷெட்ல வெச்சிருந்தோம். கார் யாருக்குன்னு சண்டை. அவன் காரைத் தரல, நான் எஞ்சினைத் தரல. அன்னிலேர்ந்து பேச்சுவார்த்தை கிடையாது."

"இவ்வளவு நேரம் பேசினீங்களே?"

"அது பேச்சு இல்லம்மா. வியாபாரம்."

அந்த வியாபாரத்தில்தான் க்ளைடுக்குச் சர்க்கரை வந்தது தெரிந்தது. க்ளைடின் மனைவி மார்லிஸ் இறந்ததும் அப்படித்தான் தெரிந்தது. ஹார்லன் தன் மனைவி போனதையும் இங்கே நின்றுதான், விலை பேசுகிற குரலில் சொன்னார். வீட்டில் அவருக்கு இப்போது ரேடியோதான் துணை. அரிசோனாவில் இருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். மற்ற நாளெல்லாம் தன் குரலே தனக்கு மறந்துவிடும்போல இருக்கும்.

"இதைக் குடுத்துட்டா, அப்புறம் அவன் எதுக்கு இங்க வரப்போறான்?" என்றார்.

"அடுத்த வருஷம் அவர் வரலேன்னா? இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

ஹார்லன் அட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு லாரியைக் கிளப்பினார்.

வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், ஒரு சின்ன நீல நிறக் காருக்குள் க்ளைட் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. ஹார்லன் லாரியைப் பக்கத்தில் நிறுத்தி இறங்கிக் கண்ணாடியைத் தட்டினார்.

"வண்டியை எடு. நான் பின்னாலயே வரேன்."

"எங்க?"

"உன் வீட்டுக்குத்தான். எஞ்சினை இறக்கி, நானே மாட்டித் தரேன். உன் காசு எனக்கு வேணாம். ஒரு தடவை அதை ரெண்டு பேருமா ஓட்டிப் பாத்துடுவோம். முதல்ல நீ ஓட்டு."

க்ளைட் லாரியில் இருந்த எஞ்சினைப் பார்த்தார். பிறகு ஹார்லனைப் பார்த்தார்.

"நிஜமாவாண்ணே?"

பதினான்கு வருஷத்துக்குப் பிறகு வந்த அண்ணன் என்ற வார்த்தை. ஹார்லன் தலையை ஆட்டினார்.

"வேணாம்ணே. திருப்பிக் கொண்டு போயிடு."

"இன்னுமா ரோஷம்? நானே இறங்கி வந்திருக்கேன்ல?"

"ரோஷம் இல்லண்ணே." க்ளைட் கோலை இறுகப் பிடித்துக்கொண்டார். "மார்லிஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தக் காரை வித்தே ஒன்பது வருஷம் ஆச்சு."