ஓரிரு இடங்களில்

"அழு. சத்தமா அழு."

"வர மாட்டேங்குதுக்கா."

"மாரடிச்சா தானா வரும். பாடைக்குப் பக்கத்துல போயி குந்து" என்றாள் கங்கம்மாள்.

அம்சவல்லி பாடையருகே போய்க் குந்தினாள். மாலை போட்டுப் படுத்திருந்தவனுக்குக் கண்ணும் மீசையும் கரியால் வரைந்திருந்தார்கள். உடம்பெல்லாம் புது வைக்கோல், மஞ்சள் மாறாமல் மின்னியது. ஊரில் மழை இல்லாமல் போனதற்கு இந்தப் பாவிதான் காரணமாம். தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஏரிக்கரையில் கொளுத்தினால் வானம் மனசு இளகுமாம்.

பாவி யாரென்பதில் ஊர்க்காரி தாயாரம்மாளுக்கு வேறு எண்ணம் இருந்தது.

"சூளைக்காரி மழைய கட்டி வெச்சிகிறா. கல்லு கரையக் கூடாதுன்னு உப்புப் பானைய கவுத்துப் புதைச்சிகிறா" என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள்தான். ஊரும் நம்பியது. கோடை முழுக்க அம்சவல்லியும் புருஷன் எல்லப்பனும் ஏரிமண் குழைத்து அறுத்த செங்கல், களத்தில் பச்சையாகக் காய்ந்துகொண்டிருந்தது. சூளை அடுக்க இன்னும் சில நாள் வெயில் வேண்டும்.

"மழைய நீ கட்டலன்னா நீயே முன்னால நின்னு அழுவு. இல்லாங்காட்டி ஏரி மண்ணுல இனிமே கை வெக்காத" என்று தீர்ப்பாகிவிட்டது.

அழாவிட்டால் மண் இல்லை. அழுது மழை வந்துவிட்டாலோ, இந்த வருஷத்துக் கல் அத்தனையும் சேறு.

பஞ்சாயத்து ரேடியோ மதியமே சொல்லியிருந்தது. வட மாவட்டங்களில் வெப்பம் மேலும் உயரும், ஓரிரு இடங்களில் மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.

"அந்த ஓரிரு எடம் எங்க கீதுன்னு சொல்லித் தொலைச்சா, மூட்டைய கட்டிகினு அங்கியே போயிடலாம்" என்றாள் கங்கம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

"தெனம் இதே பாட்டுதான்" என்று தாயாரம்மாள் காறித் துப்பினாள். "இவன் பேச்ச கேட்டுகினு இருந்தா வூட்ல ஒரு வேல ஓடாது."

அந்த ஓரிரு இடம் தண்டலமாக இருக்கட்டும் என்று அம்சவல்லி வேண்டிக்கொண்டாள். இருங்காட்டுக்கோட்டையாக இருக்கட்டும். யாருக்கும் பாதகமில்லாத நடுக்கடலாக இருக்கட்டும்.

பறை அதிர்ந்தது. பாவியை இழுத்தார்கள். புழுதி காலைச் சுட்டது. பக்கத்திலேயே தாயாரம்மாள் மாரடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் கொண்டையிலிருந்து கரித்தூசியும் மக்கிப்போன வைக்கோல் துணுக்கும் உதிர்ந்தன. நடுநடுவே தும்மல் வேறு.

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரைக் காணோம்? கொள்ளி வெக்க ஆளு வேணாவா?" என்று அவளைக் கேட்டாள் கங்கம்மாள்.

"விடிய வண்டி கட்டிகினு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனவருதான். இன்னும் வந்து சேரல."

ஏரிக்கரை ஏறும்போது காற்று நின்றது. மேற்கே, வானத்தின் அடியில், யாரோ ஈரக்கையால் தடவிவிட்டதுபோல ஒரு கறுப்பு. அம்சவல்லி அதையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது எழுந்து வந்தது. ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது.

அவள் மாரில் ஓங்கி அறைந்துகொண்டாள்.

"ஐயோ, என் சாமி, எல்லாம் போவுதே!"

"டேய், நெஜமாலுமே அழுவுறாடா!" யாரோ சீட்டியடித்தார்கள். பறைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். "நல்லா அழுவு தாயீ! மேகம் எறங்குது பாரு!"

பாவிக்குத் தீ வைத்தார்கள். வைக்கோல் பொசுங்கும்போதே முதல் துளி விழுந்து புஸ்ஸென்றது. ஊரே கையைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

கரைமேலிருந்து களம் தெரிந்தது. எல்லப்பன் எறும்பு அளவுக்கு இருந்தான். இருப்பதே இரண்டு பனம்பாய். அவற்றைத் தூக்கிக்கொண்டு கல்வரிசைகளுக்கு நடுவே ஓடினான். எதை மூடுவது என்று தெரியாமல் நின்றான். மறுபடி ஓடினான்.

அம்சவல்லி கரையிறங்கப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை அவளைப் பிடித்து வேப்பமரத்தின் பின்பக்கம் இழுத்தது.

தாயாரம்மாள். ஆடுகிறவர்களின் முகம் அவளுக்கு இல்லை.

"அம்சா" என்றாள். இதற்குமுன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நானு சொன்னத மனசுல வெச்சிக்காத. உன் ரகசியத்த இனிமே யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

"இன்னா ரகசியம்? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, வுடு, நா போவணும்!"

"தெரியும், எனக்குத் தெரியும். காலையிலதான் வூட்டுக் கூரைய பிரிச்சுப் போட்டோம். ஓல ஏத்தியாரப் போன வண்டி இன்னும் வரல. நாலு பக்கமும் மண்ணு செவுரு, உள்ள வெதக்கடல மூட்ட..."

தலைக்கு மேல் இடி உருண்டது. காய்ந்த களிமண் அப்பியிருந்த அம்சவல்லியின் இரண்டு கைகளையும் தாயாரம்மாள் தன் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"எப்பவும்போல இன்னிக்கு ஒரு நாளு மட்டும் மழைய கட்டி வெச்சிடும்மா!"