காளான் இடமும் கம்ப்யூட்டரும்

“டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் என் காளான் இடத்தை யாருக்கோ காட்டிக் கொடுக்குது.”

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. பக்கத்து வீட்டு ஜெனோனாஸ், மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார். கதவைத் திறந்த ரெகினா, தலையில் துணி கட்டி, ரப்பர் பூட்ஸ் மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தார்.

“இப்பவா? கோழிக்கூண்டு கழுவப் போறேன். சாயங்காலம் வாங்களேன்.”

“சாயங்காலம் வந்து என்ன பண்ண? நாளைக்கு மத்தியானம் நார்வேயிலேர்ந்து என் பொண்ணு வர்றா, கட்டிக்கப் போறவனையும் கூட்டிக்கிட்டு. புளிப்புப் பாலேடு ஊத்தி பராவிகாஸ் காளான் சமைச்சுப் போடறேன்னு சொல்லிட்டேன். மூணு சனிக்கிழமையா என் இடத்துக்குப் போனா, வெட்டின அடித்தண்டுதான் மிச்சம். இன்னிக்கும் விட்டா மாப்பிள்ளைக்கு வெறும் உருளைக்கிழங்குதான்.”

அந்த ஊரில் வங்கி அட்டையின் ரகசிய எண்ணைக்கூட ஒருவரிடம் கேட்டு வாங்கிவிடலாம். காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள்.

“அதுக்குக் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?” என்றார் ரெகினா.

“வெள்ளிக்கிழமை மழை உண்டான்னு பாக்கறேன். உடனே கூடை வாங்கு, கத்தி வாங்குன்னு விளம்பரம் வருது. நான் காட்டுக்குப் போறது அதுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் இந்த குக்கிங்கற வைரஸ் பண்ற வேலை.”

“குக்கி வைரஸ் இல்ல.”

“என்னவோ. நான் கேமரா மேல டேப் ஒட்டிட்டேன். இனிமே அதுக்குக் கண்ணு தெரியாது.”

ரெகினா இருபத்தெட்டு வருடம் ஊர்ப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்தவர். தப்பான ஒன்றைக் கேட்டுவிட்டுத் திருத்தாமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு பெருமூச்சு விட்டு பூட்ஸைக் கழற்றினார்.

“அஞ்சே நிமிஷம். உள்ள வாங்க.”

சமையலறை மேசையில் கணினி திறந்தது.

“நல்லாக் கேளுங்க. நீங்க ஒரு கடைக்குப் போறீங்க. கடைக்காரர் உங்களை ஞாபகம் வெச்சுக்க ஒரு சீட்டு கொடுக்கறாரு. அதுதான் குக்கி. அதுல தப்பில்ல. ஆனா அதே கடையில விளம்பரக்காரன் ஒருத்தன் நிக்கறான். உங்க முதுகுல ஒரு சீட்டை ஒட்டிடறான். அடுத்த கடையிலும் அவனோட ஆள் இருக்கான். முதுகைப் படிச்சுட்டு, ஓ, மழை பாத்தாரா, கூடை காட்டுன்னு சொல்றான்.”

“அப்ப சட்டையைக் கழட்டிட்டுப் போகணுமா?”

“வேணாம். ஒட்ட விடாம பண்ணலாம். பிரவுசர்ல செட்டிங்ஸ் போங்க. தனியுரிமைன்னு இருக்கு பாருங்க. கண்டிப்பான பாதுகாப்பு. அதை அழுத்துங்க. வெளியாள் குக்கி இனிமே நுழையாது.”

ஜெனோனாஸ் ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார். தவறான இடம். மறுபடி முதலிலிருந்து.

“ஏற்கெனவே ஒட்டினது?”

“நல்ல கேள்வி.” ரெகினாவின் முகம் மலர்ந்தது. “அதையெல்லாம் இங்க அழிக்கலாம். ஆனா கடைக்காரர் சீட்டும் சேர்ந்து போயிடும். மறுபடி கடவுச்சொல் கேக்கும். தெரியுமில்ல?”

“என் பெண்டாட்டி அல்டோனாவுக்குத் தெரியும். பாவம், தூங்கறா.”

ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களின் உச்சியில் வெயில் ஏறியது. ரெகினா கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

“அவ்வளவுதான். நான் கிளம்பறேன்.”

“ரொம்ப நன்றி டீச்சர். இதெல்லாம் தேவையே இல்ல, பிரவுசர்ல பிரைவேட் விண்டோங்கற தனி ஜன்னல்ல திறந்தா உலகத்துல யாருக்குமே தெரியாதுன்னு என் மச்சான் சொன்னான்.”

ரெகினா மீண்டும் உட்கார்ந்தார்.

“உங்க மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. தனி ஜன்னல் உங்க வீட்டுக்காரங்ககிட்டதான் மறைக்கும். மூடினதும் இந்தக் கம்ப்யூட்டர் மறந்துடும். இணைய இணைப்பு கொடுக்கறவனுக்கு நீங்க எங்க போனீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.”

அதைப் படம் போட்டு விளக்கினார். பிறகு, ‘என்னைப் பின்தொடராதே’ என்ற பொத்தான் வெறும் வேண்டுகோள்தான், கேட்பதும் கேட்காததும் அவரவர் மனசு என்று விளக்கினார். ஜெனோனாஸ் லிண்டன் மரப்பூ டீயை இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு, மழை பார்க்கும் இணையதளம் அவர் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டபோது ‘சரி’ என்று அமுக்கிவிட்டதாகச் சொன்னார். அதையும் ரெகினா மாற்றிக் கொடுத்தார்.

“ஆக, காளான் இடம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு?”

“கம்ப்யூட்டரைக் காட்டுக்கா தூக்கிட்டுப் போறீங்க? அது வீட்டுலதானே இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தர் மழை பாக்கறார்னு தெரியும். எந்த மரத்தடின்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப திருடினது மனுஷங்கதான்ங்கறீங்க.”

ரெகினாவுக்கு டீ புரை ஏறியது. “நான் அப்படி எங்க சொன்னேன்? நமக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டர் மட்டும்தான்.”

எட்டேகால் மணிக்கு ஜெனோனாஸின் கைப்பேசி ஒலித்தது. “ம்... ம்... நல்லது” என்று கேட்டுக்கொண்டார். கணினியை மூடிவிட்டு நிதானமாக எழுந்தார்.

“அல்டோனாதான். காட்டுலேர்ந்து பேசறா. ரெண்டு கூடையும் நிறைஞ்சிடுச்சாம், இனிமே உங்களைப் பிடிச்சு வெச்சிருக்க வேணாங்கறா. நாளைக்கு நீங்களும் சாப்பிட வந்துடுங்க, டீச்சர். மூணு வாரமா எங்க காளானை எப்படிச் சமைச்சீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுக்கணுமாம்.”