பத்து நிமிஷம்

முதியோர் இல்லத்துக்குக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்ட பெரியவர், அந்த அம்மாளுக்குத் தலைவாரிவிட்டு, பாலை ஆற்றிக் கொடுத்தார்.

"தினமும் வந்துடுறீங்களே அண்ணே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"ரிட்டையராயிட்டேன்மா. இப்ப நேரம் நிறையக் கிடக்கு."

"உங்க சம்சாரம் கொடுத்து வச்சவங்க. என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுறார். வீட்டுக்கு வந்தாலும் கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி பறப்பார். சர்ச்சுக்குக்கூட நான் தனியாத்தான் போறேன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்காக ஜெபம் பண்ணப் போறேன். இன்னிக்கு நீங்களும் கூட உட்காருங்கண்ணே."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, அவருக்குக் கொஞ்சம் நேரம் தாரும். பத்து நிமிஷம் போதும். என் பக்கத்துல உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை என்னோட சேர்ந்து ஜெபம் பண்ணட்டும். ஆமென்."

"ஆமென்" என்றார் பெரியவர்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில், தன் மனைவியோடு சேர்ந்து அவர் சொன்ன முதல் ஆமென் அது.

அவள் கண்களைத் திறந்து, அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"வந்துடுவாருல்ல அண்ணே?"