முருகேசு அண்ணையின் காபன் ஹாண்டில்

கிறீ...ச்ச்!

பின்னால் பிரேக் பிடிக்கும் சத்தம். திரும்பிப் பார்க்காமலே யதுசனுக்கு விளங்கிவிட்டது.

"திரும்பவும் நிண்டிட்டார்," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்த லெனாட் சிரித்தார். "முருகேசரோ? கொக்குவிலிலை ஒருக்கா, மருதனார்மடத்திலை ஒருக்கா, இப்ப மல்லாகம். நாங்கள் கீரிமலைக்குப் போய்ச் சேரேக்கை கேணியிலை தண்ணி வத்திடும்."

ஞாயிறு காலைகளில் யாழ்ப்பாண நகரத்திலிருந்து கீரிமலைக்குச் சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வரும் கூட்டம் அது. நாலே பேர். மருந்துக்கும் மலையில்லாத குடாநாட்டில் நாலு பேரிடமும் மவுண்டன் சைக்கிள்.

முருகேசுவின் சைக்கிளுக்குப் போன மாதந்தான் காபன் இழை ஹாண்டிலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் புது ஸ்டெம்மும் பூட்டியது. சுவிசிலிருந்து மருமகன் அனுப்பிய சாமான். பூட்டிக் கொடுத்தவன் யதுசன். அவன் சைக்கிள் கடை திறந்து ஆறு மாதம்.

அதற்குப் பிறகு வந்த நாலு ஞாயிறும் இதே கூத்து. நாலைந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை முருகேசு இறங்குவார். "ஸ்டெம் லூசாக்கிடக்கு" என்பார். போல்ட் இறுக்கும் சாவியான அலன் கீயை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார். பாவம், கூட்டத்தின் நாலாவது ஆளான றஊப் நானாதான் ஒவ்வொரு முறையும் துணைக்கு நிற்பார்.

"கோவிக்காதை யதுசன்," என்றார் லெனாட். "என்ரை சைக்கிளுக்கும் உன்னட்டைத்தான் புது ஸ்டெம் போட இருந்தனான். இப்ப கொஞ்சம் பயமாக்கிடக்கு. ஊரிலை வேறை ரெண்டு பேரும் என்னட்டைக் கேட்டவை, உவன் பூட்டினது கழண்டு விழுமோ எண்டு."

யதுசனுக்குக் காது சூடேறியது.

"நீங்கள் முன்னுக்குப் போய்ச் சந்தியிலை நில்லுங்கோ அண்ணை. நான் இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு கேட்டிட்டு வாறன்."

சைக்கிளைத் திருப்பி மிதித்தான். றஊப் வீதியோர மதகுக் கட்டின்மேல் இருந்தார். முருகேசு ஹாண்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து அலன் கீயைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இறுக்காதேங்கோ அண்ணை!" யதுசன் சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு ஓடினான். "நான் இறுக்கிற அளவு காட்டுற சாவியாலை பாத்துப் பாத்துப் பூட்டினது. கையிலை வந்த பலத்துக்கு இறுக்கினா காபன் உள்ளுக்கை வெடிக்கும். வெளியிலை தெரியாது. ஒருநாள் ஓடேக்கை முறிஞ்சு முகங்குப்புறப் போவியள்!"

"லூசாக்கிடக்கடா தம்பி."

"நான் பூட்டினது லூசாகாது! என்ரை கடையை மூடப் பண்ணுறதெண்டு நேந்துகொண்டு வந்தனீங்களோ?"

மதகிலிருந்து றஊப் கையை உயர்த்தினார். "சத்தம் போடாதை தம்பி. கடை தொடங்கி... ஆறு மாசந்தானே. பிழை விடாத ஆள் ஆர்? போகப்போகப் பழகிடும்."

அதுதான் யதுசனால் தாங்க முடியவில்லை. முருகேசுவின் கையிலிருந்த அலன் கீயைப் பறித்து, முதல் போல்ட்டில் வைத்துத் திருப்பினான்.

பிடிக்கவில்லை. சாவி ஓட்டைக்குள் சும்மா சுழன்றது.

அடுத்த போல்ட். அதிலும் சுழன்றது. நாலு போல்ட்டிலும் அதே கதை. தன் பையிலிருந்த சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். ஒரு போல்ட்டும் அசையவில்லை. அவன் பூட்டியது பூட்டியபடி இருந்தது.

"அண்ணை... உது மூண்டு மில்லிமீற்றர் சாவி. போல்ட்டின்ரை ஓட்டை நாலு மில்லிமீற்றர். உதாலை பூட்டவும் ஏலாது, கழட்டவும் ஏலாது."

"மெல்லக் கதை," என்றார் முருகேசு. "கண்டபடி இறுக்கினா காபன் வெடிக்குமெண்டு நீதானே சொன்னனீ. அதுதான் பிடிக்காத சாவியாப் பாத்துக் கொண்டு வாறனான்."

"பிறகு என்னத்துக்கு இந்த நடிப்பு?"

முருகேசு கண்ணால் மதகைக் காட்டினார். றஊப் ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி, குனிந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சிலை அடைப்பெண்டு ஆசுப்பத்திரியிலை கிடந்து வந்து ரெண்டு மாசம். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். சைக்கிள் ஓடலாமாம், ஆனால் இடைக்கிடை ஆறவேணுமாம். ஆசுப்பத்திரியாலை வந்து ஓடின முதல் ஞாயிறு, உன்ரை ஹாண்டில் பூட்ட முந்தி, 'நிண்டு ஆறிப்போட்டு வா'வெண்டு சொல்லிப்போட்டன். 'எனக்காண்டி ஒருத்தரும் நிக்கவேண்டாம்' எண்டு அரைவாசி வழியிலை திரும்பி வீட்டை போயிட்டான். இனிமேல் வரமாட்டனெண்டும் சொன்னவன்."

"அப்ப..."

"எனக்காண்டியெண்டால் எவ்வளவு நேரமும் நிப்பான்."

யதுசன் தன் சாவியைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"உன்ரை கடைப் பேர் கெடுதெண்டு எனக்குத் தெரியுமடா. ரயரிலை காத்தைத் திறந்துவிட்டும் பாத்தனான். திரும்பப் பம்ப் அடிக்க எனக்கல்லோ மூச்சு வாங்குது." முருகேசு தலையைச் சொறிந்தார். "லெனாட்டுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறன். நீ யோசிக்காதை."

அதற்குள் சந்தியிலிருந்து லெனாட்டின் குரல் வந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன யதுசன்? ஆரின்ரை பிழையாம்?"

யதுசன் மதகைப் பார்த்தான். றஊப் அவசரமாக எழும்பப் பார்த்தார். எழும்ப முடியாமல் திரும்ப இருந்தார்.

அவன் அலன் கீயை முருகேசுவின் கையிலேயே வைத்தான்.

"என்ரை பிழைதான் லெனாட் அண்ணை! நான் பூட்டினது சரியில்லை! இன்னும் பத்து நிமிசம் செல்லும்!" சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

பிறகு முருகேசுவின் சைக்கிள் முன்சில்லை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தினான். முருகேசு முதல் போல்ட்டிலிருந்து மறுபடியும் திருப்பத் தொடங்கினார்.