படியில்லாத பஸ்

மறுபடியும் படி வைத்த பஸ்தான் வந்தது.

கூடியிருந்தவர்கள் "ச்சே" என்றார்கள்.

மெர்லினால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரையில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே சக்கர நாற்காலியில் ஒரு பெண். வெயில் ஏறினால் அவளை நிழலுக்குத் தள்ள வேண்டும். மழை வந்தால் கூரைக்கு அடியில். படியில்லாத, சாய்தளம் இறங்குகிற பஸ் வந்தால் ஏற்றிவிட வேண்டும். இருட்டுவதற்குள் ஏறாவிட்டால் தோல்வி.

ஆட்டம் அவ்வளவுதான்.

படம் வரைந்தவள் மெர்லின். வரைந்தது தன்னுடைய சக்கர நாற்காலியைத்தான். கணினி வேலையெல்லாம் அஸ்கர். பொதுவில் கிடைக்கும் தரவுகளை வைத்து, ஊர்ப் பிரச்சினை ஒன்றை விளையாட்டாக்கும் இரண்டு நாள் விழா. நேற்றுதான் இருவருக்கும் அறிமுகம்.

மதியமே அஸ்கர் கெஞ்சினான்.

"அக்கா, ஒருத்தரும் ஜெயிக்கல. எழுந்து போயிடுவாங்க. அந்த பஸ்ஸக் கொஞ்சம் அடிக்கடி வர விடலாமா?"

"நம்ம ஊர் பஸ் டேட்டால எப்படி வருதோ, அப்படியே வரட்டும்டா."

யாரும் எழுந்து போகவில்லை.

தோற்றவர்கள் பின்னால் நின்றுகொண்டு அடுத்தவருக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தால் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். படியைப் பார்த்ததும் திட்டினார்கள்.

மெர்லின் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்தில் அவளோடு இத்தனை பேர் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

இப்போது விளையாடுவது ஊதாப் புடவை கட்டிய ஓர் ஆசிரியை. மாணவிகளை அழைத்து வந்தவர். தோற்கத் தோற்க நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இரும்மா, வரும். வராம எங்க போயிடும்?" என்று திரையில் இருந்த பெண்ணிடம் சொன்னார்.

வந்தது.

ஒரு கணம் யாரும் நம்பவில்லை.

சாய்தளம் மெல்ல இறங்கியது. சக்கரங்கள் ஏறின. கதவு மூடியது.

அரங்கமே அதிர்ந்தது. அஸ்கர் மேசை மேல் ஏறிவிட்டான். ஆசிரியை முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். மெர்லினும் தொண்டை கிழியக் கத்தினாள்.

பஸ் கிளம்பியது. ஓரம்வரை போய் மறைந்தது.

பிறகு வெறும் வெள்ளைத் திரை.

சத்தம் மெதுவாக அடங்கியது.

"எங்கம்மா போகுது இது?" என்றார் ஆசிரியை.

அஸ்கர் மெர்லினைப் பார்த்தான்.

ஏறுவது வரைக்கும்தான் அவள் யோசித்திருந்தாள். அதற்கு அப்பால் எதையும் வரையவில்லை.

"கொஞ்ச நேரம் குடுங்க டீச்சர்."

வரைபலகையை மடிக்கு இழுத்தாள். எல்லோரும் நெருங்கி வந்து நின்றார்கள்.

வண்ணங்களில் கடல்நீலத்தைத் தொட்டாள்.

திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கையை எடுக்காமல், ஒரு கோடு இழுத்தாள்.